இரண்டு டிஸ்க்கும் ஒரு சிவப்பு பட்டனும்

புனேயில் என்னைத் தமிழில் திட்டுவதற்கு ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் என் மேலாளர். அலுவலகத்தில் என்னோடு தமிழ் பேச வேறு ஆள் கிடையாது. அதனால் அந்த வருஷங்களில் தாய்மொழி காதில் விழுந்தாலே அடுத்து திட்டு வரப் போகிறது என்றுதான் எனக்குத் தோன்றும். அம்மா ஃபோனில் கூப்பிட்டு "சாப்பிட்டியாட்டி?" என்று கேட்டால்கூட முதல் இரண்டு வார்த்தைக்கு உடம்பு விறைத்துக்கொள்ளும்.

கராடியில் பெரிய ஐடி கட்டடங்களுக்குப் பின்னால், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. தொழிற்சாலைகளுக்கு கேமரா வைத்த சோதனைப் பெட்டிகள் செய்து கொடுப்போம். பெட்டிக்குள் ஒரு லினக்ஸ் கணினி இருக்கும். அதை அமைப்பது என் வேலை. மேலாளர் கோயம்புத்தூர்க்காரர், புனேயிலேயே தலை நரைத்தவர். மராத்தி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. காலையில் வரும்போது எல்லோருக்கும் வடா பாவ் வாங்கி வருவார். யாருடைய மாமியார் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்பது வரை நினைவு வைத்து விசாரிப்பார். அலுவலகமே அவர் மேல் உயிரை வைத்திருந்தது.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஒருவர் திட்டினால் தெரு முழுக்கத் தெரியும். இவர் திட்டுவது பக்கத்து நாற்காலிக்குத் தெரியாது. என் மேஜைக்கு வந்து, ஒரு கையை நாற்காலி முதுகில் வைத்துக்கொண்டு, குழந்தைக்கு மாத்திரை கொடுக்கும் குரலில் சொல்லுவார்: "ஏனுங்க அம்மிணி, உங்க மண்டைக்குள்ள களிமண்ணுங்களா, இல்ல அதுவும் இல்லீங்களா? உங்களப் பெத்தவங்கள நெனச்சாத்தான் பாவமா இருக்குதுங்க." முகத்தில் சிரிப்பு மாறாது. வார்த்தைக்கு வார்த்தை மரியாதை விழும். பக்கத்து மேஜையில் இருந்த மராத்திப் பெண் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ரசிப்பாள். "நஷீப்வான் ஆஹேஸ்" என்பாள் என்னிடம். அதிர்ஷ்டக்காரி, உன் ஊர் ஆளே உனக்கு மேலே இருக்கிறார் என்று பொருள். அவளிடம் ஒருமுறை, அவர் என்னைத் திட்டுகிறார் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் சிரித்தாள். அந்தக் குரலிலா என்று கேட்டாள். அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

புனேக்கு வெளியே ரஞ்சன்காவில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலைக்குப் பெட்டி செய்ய வேண்டியிருந்தது. வண்டிகளின் பிரேக்குக்குப் போகும் இரும்புப் பாகங்கள் அங்கே வரிசையில் வரும். ஒவ்வொன்றையும் கேமரா படம் எடுக்கும். சோதனையாளர் திரையில் பார்த்து, நல்லது என்றால் பச்சை பட்டன், விரிசல் இருந்தால் சிவப்பு பட்டன் அழுத்துவார். படமும், எந்த பட்டன் என்ற பதிவும் பெட்டிக்குள் சேமிக்கப்பட வேண்டும். பின்னால் யாராவது கேள்வி கேட்டால் அதுதான் சாட்சி. அதற்குத்தான் பெட்டியே வாங்குகிறார்கள்.

பெட்டிக்குள் இரண்டு டிஸ்க். ஒன்று சின்ன எஸ்எஸ்டி. வேகமானது, ஆனால் எழுதி எழுதியே தேயும், ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். இன்னொன்று பெரிய ஹார்ட் டிஸ்க். மந்தமானது, ஆனால் பெரும்பாலும் போவதற்கு முன்னால் கரகரவென்று முனகியாவது காட்டும். இந்த இரண்டிலும் என்ன ஃபைல் சிஸ்டம் போடுவது என்பதுதான் என் முன்னால் இருந்த கேள்வி. ஃபைல் சிஸ்டம் என்பது டிஸ்க்கில் எது எங்கே இருக்கிறது என்று நினைவு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. டிஸ்க் நன்றாக இருந்தும் அந்த ஏற்பாடு கலைந்துவிட்டால் உள்ளே இருப்பது வெறும் குப்பை. வெளியாட்களுக்கு இது உப்புச்சப்பில்லாத விஷயம். எனக்கு அப்படியில்லை. யார் மேல் எதை நம்பி வைப்பது என்று முடிவு செய்யும் வேலை அது. அந்தக் காலத்தில் எனக்கு மகிழ்ச்சி கொடுத்த ஒரே வேலையும் அதுதான்.

முதலில் பட்டர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் போடலாம் என்று யோசித்தேன். எழுதியது கெட்டுப்போனால் அதுவே கண்டுபிடித்துச் சொல்லும். ஆனால் பட்டன் பதிவு நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கும், அந்த மாதிரி வேலைக்கு அது திணறும். அதைப் பேச்சுக்குச் சொன்னதற்கே மேலாளர் எனக்கு "வெண்ணெய்" என்று பெயர் வைத்துவிட்டார். தமிழ்நாட்டில் ஒருவரை வெண்ணெய் என்றால் என்ன அர்த்தம் என்று நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக அதை மராத்தியில் "லோணி" என்று மாற்றிக் கொடுத்தார். அலுவலகம் முழுக்க என்னை லோணி, லோணி என்று ஆசையாகக் கூப்பிட ஆரம்பித்தது. பிறந்த நாளுக்கு வாங்கிய கேக்கில்கூட அப்படித்தான் எழுதியிருந்தார்கள். நான் வெட்டினேன், எல்லோரும் கை தட்டினார்கள், அவர் முன்வரிசையில் நின்று தட்டினார்.

கடைசியில் நான் எளிய வழியைச் சொன்னேன். எஸ்எஸ்டியில் எக்ஸ்ட்-ஃபோர் என்ற வகை, லினக்ஸ் மட்டும் அதில் இருக்கட்டும். ஹார்ட் டிஸ்க்கில் எக்ஸ்எஃப்எஸ், படங்களும் பதிவும் அதில். இரண்டும் தனித்தனி. ஒன்று செத்தால் மற்றது பிழைக்கும். மேலாளருக்கு அது பிடிக்கவில்லை. பட்டனை அழுத்தியதும் திரையில் 'சேமிக்கப்பட்டது' என்று வர ஒரு கணம் தாமதமாகிறது, தொழிற்சாலைப் பெரியவர்கள் முன்னால் காட்டும்போது அந்த ஒரு கணம் அசிங்கம் என்றார். எஸ்எஸ்டியை ஹார்ட் டிஸ்க்குக்கு முன்னால் நிறுத்தி இரண்டையும் ஒன்றாக்கச் சொன்னார். வருவதெல்லாம் முதலில் எஸ்எஸ்டியில் விழும், உடனே 'சேமிக்கப்பட்டது' என்று வந்துவிடும், பிறகு சாவகாசமாக ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும். இதற்கு ரைட்-பேக் என்று பெயர். இதையே பத்திரமாகச் செய்ய ரைட்-த்ரூ என்று இன்னொரு வகை உண்டு. இரண்டிலும் எழுதிய பிறகுதான் ஆயிற்று என்று சொல்லும். அது மெதுவாக இருக்கும் என்பதால் அவருக்கு வேண்டாம்.

"சார், எஸ்எஸ்டி போச்சுன்னா ஹார்ட் டிஸ்க்குல அரைகுறையாத்தான் இருக்கும் சார். மவுண்ட்டே ஆவாது, தொறக்கவே முடியாது. நாம வாங்குறது மலிவு எஸ்எஸ்டி வேற" என்றேன்.

"அம்மிணி, நீங்க யோசிக்கறதுக்குச் சம்பளம் குடுக்கலீங்க. தட்டறதுக்குத்தானுங்க. கை இருக்குதுங்களா? தட்டுங்க. இல்லீன்னா வெளிய எத்தனையோ கை காத்திட்டிருக்குதுங்க." அதே குரல், அதே சிரிப்பு. தொழிற்சாலை சர்வருக்கு ஒரு நகல் போகும்படியாவது செய்யலாமே என்றேன். அப்புறம் பாக்கலாமுங்க என்றார். அவர் எனக்கு இட்ட உத்தரவு எதுவும் எழுத்தில் இருந்ததில்லை, தமிழைத் தவிர வேறு மொழியிலும் இருந்ததில்லை. அறையில் இருந்தவர்களைக் கேட்டிருந்தால், ஊர்க் கதை பேசிக்கொண்டிருந்தார்கள் என்றுதான் சொல்லியிருப்பார்கள். நான் தட்டினேன்.

பெட்டியை ரஞ்சன்காவில் பொருத்தப் போனது நான் மட்டும். அங்கேதான் அவரைப் பார்த்தேன். சோதனையாளர், ஒப்பந்த ஆள், திண்டிவனத்துப் பக்கம். டிப்ளமோ முடித்து ஊரில் பல வேலை பார்த்து, முப்பது வயதை நெருங்கும்போது இங்கே வந்திருந்தார். இந்தி நாலு வார்த்தை, மராத்தி அதுவும் இல்லை, ஆங்கிலம் பட்டனில் எழுதியிருக்கும் அளவுக்கு. கேபிள் கையிலிருந்து நழுவியபோது நான் "அட சனியனே" என்று சொல்லிவிட்டேன். வரிசையின் மறு கோடியிலிருந்து அவர் ஓடி வந்தார்.

"அக்கா, நீங்க தமிழா? எங்கக்கா ஊரு? வந்ததுலேர்ந்து வாயில ஒட்டடை கட்டிப் போச்சுக்கா."

மதியம் கேன்டீனில் பேசிக்கொண்டே இருந்தார். எனக்கு முதலில் வழக்கம்போல உடம்பு விறைத்தது. பிறகு மெல்ல மெல்லத் தளர்ந்தது. திட்டாத தமிழைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. அவருடைய கதை ஒன்றே ஒன்றுதான். ஒப்பந்தம் முடியும்போது பெர்மனென்ட் ஆக்குவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஆனதும் மனைவியை அழைத்து வர வேண்டும். கல்யாணமாகி இருவரும் சேர்ந்து இருந்த நாட்களைவிடப் பிரிந்து இருந்த நாட்கள்தான் அதிகம். அஷ்டவிநாயகர் கோயில் பக்கம் ஒரு அறை பார்த்து வைத்திருந்தார். ஜன்னல் எந்தப் பக்கம், சமையல் மேடை எந்தப் பக்கம் என்பது வரை சொன்னார். அடுத்தடுத்து பராமரிப்புக்குப் போனபோதெல்லாம் இதே பேச்சுதான். வேலையில் கெட்டிக்காரர். திரையில் தலைமுடி அளவு விரிசலைக்கூட விட மாட்டார். உற்பத்திப் பிரிவில் அவரைப் பிடிக்காததற்கு அதுவே காரணம்.

பிரச்சினை வந்தது. வாடிக்கையாளரிடம் போன சரக்கில் விரிசல் விழுந்த பாகங்கள் ஒரு கட்டு கண்டுபிடிக்கப்பட்டுத் திரும்பி வந்தன. அவருடைய ஷிஃப்டில் சோதித்தவை. அவர் அந்தப் பாகங்களை நன்றாக நினைவு வைத்திருந்தார். சிவப்பு பட்டன் அழுத்தி, கழிவுத் தொட்டியில் போட்டவை அவை. லாரி கிளம்பும் அவசரத்தில் யாரோ தொட்டியைக் கவிழ்த்து நல்ல சரக்கோடு சேர்த்திருக்கிறார்கள். எனக்கு ஃபோன் செய்தபோது அவர் குரலில் துளி பயம் இல்லை.

"நான் தள்ளிதான் வச்சேன்க்கா. பொட்டியில இருக்குமில்ல? படத்தோட எடுத்து மூஞ்சில அடிக்கலாம்."

எந்தத் தேதி என்று கேட்டேன். சொன்னார். பார்த்துச் சொல்கிறேன் என்று ஃபோனை வைத்தேன். அவர் ஃபோன் செய்ததற்கு முந்தின நாள்தான் அந்தப் பெட்டி நின்றுபோய், எங்கள் அலுவலகத்துக்கு வந்து, என் மேஜையில் திறந்து கிடந்தது. எஸ்எஸ்டி செத்திருந்தது. முனகல் கூட இல்லை. கணினிக்கு அப்படி ஒரு டிஸ்க் இருப்பதே தெரியவில்லை.

தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். ஹார்ட் டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை. பழுது பார்க்கும் கட்டளையை ஓட்டினேன், அது தன்னால் முடிந்ததைச் சேகரித்து, பெயரில்லாமல் எண் மட்டும் போட்டு ஒரே மூலையில் கொட்டியது. அவற்றில் படங்கள் கிடைத்தன. விரிசல் விழுந்த பாகங்கள்கூட, தெளிவாக, விரிசல் தெரிய. ஆனால் எந்த பட்டன் அழுத்தப்பட்டது என்ற பதிவு எப்போதும் மாறிக்கொண்டே இருந்ததால் எஸ்எஸ்டியிலேயே தங்கியிருந்தது. ஹார்ட் டிஸ்க்குக்கு இறங்கவே இல்லை. அந்த மனிதருடைய விரல் சிவப்பில் விழுந்ததா பச்சையில் விழுந்ததா என்று இனி இந்த உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த எஸ்எஸ்டியைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பேன். ஆனால் அதுவும் பாவம், தேயும் பொருள், தேய்ந்துபோனது.

தொழிற்சாலையில் விசாரணைக் கூட்டம் வைத்தார்கள். மேலாளர் என்னையும் அழைத்துப் போனார். கூட்டத்துக்கு முன்னால் புதுப் பெட்டியை வரிசையில் பொருத்தச் சொன்னார். "இந்தத் தடவ உங்க இஷ்டம் போல போடுங்க அம்மிணி. எக்ஸ்ட்-ஃபோரோ, என்ன கருமமோ." எக்ஸ்ட்-ஃபோர் தனி, எக்ஸ்எஃப்எஸ் தனி, தொழிற்சாலை சர்வருக்கு நகல். சரியாகப் போட்டேன். எழுந்து திரும்பினால் மேலாளர், தொழிற்சாலையின் தரப் பிரிவுத் தலைவரிடம் என்னைக் காட்டி, இதையெல்லாம் முடிவு செய்வது இந்தப் பெண்தான் என்று மராத்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு மராத்தி பேச வராதே தவிர, அதற்குள் நன்றாகப் புரியும். அது அவருக்கும் தெரியும்.

அறையில் ஐந்து பேர். தரத் தலைவர், உற்பத்தி மேலாளர், எங்கள் மேலாளர், நான், அப்புறம் அந்தச் சோதனையாளர். அவர் சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி வந்திருந்தார். பதிவு அழிந்தது அவருக்கு இன்னும் தெரியாது. கூட்டத்துக்கு முன் அவரிடம் நான் பேசக் கூடாது என்று மேலாளர் சொல்லியிருந்தார், என்னை வரிசையிலிருந்து நேராக அறைக்குள் கூட்டிப் போனார். அவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். படம் வரப் போகிறது என்ற தைரியம்.

தரத் தலைவர் அவரிடம் இந்தியில் கேட்டார். பதற்றத்தில் அவருக்கு இருந்த நாலு வார்த்தையும் ஓடிப்போயிற்று. எங்கள் மேலாளர் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "சார், நான் தள்ளிதான் வச்சேன் சார். செவப்பதான் அமுக்கினேன். யாரோ தொட்டியக் கவுத்து கலந்துட்டாங்க. பொட்டியப் பாக்கச் சொல்லுங்க சார்."

"சொல்றனுங்க, சொல்றனுங்க. நீங்க கவலையே படாதீங்க" என்று மேலாளர் அவர் தோளில் கை வைத்தார். பிறகு மராத்தியில் ஆரம்பித்தார். நீளமாக, உருக்கமாகப் பேசினார். பையன் ஊர் விட்டு ஊர் வந்தவன், மனைவியைப் பிரிந்து இருக்கிறான், தூக்கம் கெட்ட ஷிஃப்ட், கை தவறிப் பச்சையில் விழுந்திருக்கும் என்று அவனே சொல்கிறான், மன்னித்துவிடுங்கள் என்றார். செய்யாத தப்புக்கு அவர் சார்பில் இவர் மன்னிப்புக் கேட்டார். கேட்கும்போது கண் கலங்கியது. அந்தத் தோளை ஒரு கணம்கூட விடவில்லை. பக்கத்தில் அவர் ஒன்றும் புரியாமல், இவர் சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். உற்பத்தி மேலாளர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். தொட்டியைக் கவிழ்த்தவர்கள் அவருடைய ஆட்கள்.

நான் எழுந்துவிட்டேன். எனக்கு மராத்தி வாயில் வராது, இந்தியும் கோபத்தில் வராது. ஆங்கிலத்தில்தான் கத்தினேன். இவர் அப்படிச் சொல்லவே இல்லை, சிவப்பை அழுத்தியதாகத்தான் சொல்கிறார், மொழிபெயர்ப்பு பொய். பதிவு அழிந்ததற்குக் காரணம் எங்கள் மேலாளர் போடச் சொன்ன ரைட்-பேக், நான் வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. பாதி வார்த்தைகள் கணினி வார்த்தைகள். மேஜையைத் தட்டினேன் என்றுகூட நினைக்கிறேன்.

தரத் தலைவர் நியாயமான மனிதர். பொறுமையாகக் கேட்டார். "ஆக, பதிவு இல்லை?"

"இல்லை."

"இவர் சிவப்பு அழுத்தினார் என்பதற்கு உங்களிடம் எதுவும் இல்லை?"

"பச்சை அழுத்தினார் என்பதற்கும் எதுவும் இல்லையே!"

"ஷிஃப்ட் இவருடையது. சரக்கு இவரைத் தாண்டிப் போயிருக்கிறது." அவர் கோப்பை மூடினார். எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் ஒரு அயர்ச்சி. உங்கள் ஆட்களுக்குள் இருக்கும் சண்டையை உங்கள் அலுவலகத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு எங்கள் மேலாளரிடம் மராத்தியில், வருத்தமாக இருக்கிறது, ஆனால் ஒப்பந்தத்தை இன்றோடு முடிக்க வேண்டும், நீங்களே எடுத்துச் சொல்லிவிடுங்கள் என்றார். வாசலுக்கு வெளியே புதுப் பெட்டி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை.

மேலாளர் எடுத்துச் சொன்னார். நான் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார். "எவ்வளவோ கெஞ்சிப் பாத்தனுங்க. நீங்களே பாத்தீங்கல்ல? மனசு எரங்கற மாதிரிதான் இருந்தாங்க. அம்மிணி நடுவுல பூந்து, ரெக்கார்டே இல்லீன்னு சொல்லிட்டாங்க. அப்பறம் நான் என்னங்க பண்ண முடியும்?"

இதில் பொய் என்று ஒரு வாக்கியத்தைக்கூட என்னால் பிடித்துக் காட்ட முடியாது. சோதனையாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணால் பார்த்தது இதுதான்: சார் தோளில் கை போட்டு, கண் கலங்கி, நெடுநேரம் அவருக்காகப் பேசினார். அக்கா எழுந்து ஆங்கிலத்தில் கத்தினாள். உடனே கோப்பு மூடப்பட்டது. வேலை போயிற்று.

"பொட்டியில இல்லையாக்கா?" என்று மட்டும் கேட்டார்.

மேலாளர் பெரிய மனது பண்ணினார். பெட்டி படுக்கையை எடுத்து வாருங்கள், நானே ரயில்வே ஸ்டேஷனில் விடுகிறேன் என்றார். அவர் தங்கியிருந்த அறை வாசலில் காரை நிறுத்திக் காத்திருந்தார். ஒரு பையும், ஒரு பிளாஸ்டிக் வாளியும், வாளிக்குள் ஒரு புத்தம் புது குக்கரும் வந்தன. குக்கர் இன்னும் அட்டைப்பெட்டியில் இருந்தது. அவர் முன்சீட்டில் உட்கார்ந்தார். நான் பின்சீட்டில், வாளியோடு.

புனேக்குப் போகும் நகர் ரோட்டில் போக்குவரத்து எறும்பாக ஊர்ந்தது. அன்று அந்தக் காருக்குள் தமிழைத் தவிர வேறு மொழி இல்லை. மேலாளர் ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார். ஊர்ப் பக்கம் ஆள் தெரியும், வேலைக்குச் சொல்லி வைக்கிறேன் என்றார். ஷிக்ராபூரில் நிறுத்தி அவருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார், சாதம் போதுமா என்று பார்த்துப் பார்த்துக் கேட்டார். நான் சாப்பிடவில்லை. கார் திரும்ப நகர்ந்ததும் சொன்னேன்.

"தம்பி, இவரு மராத்தில என்ன சொன்னாருன்னு ஒங்களுக்குத் தெரியாது. கை தவறிப் பச்சைய அமுக்கிட்டேன்னு நீங்களே ஒத்துக்கிட்டதாச் சொன்னாரு. நான் அது பொய்னுதான் கத்தினேன். அந்தப் பெட்டிய அப்படிப் போடச் சொன்னதும் இவருதான்."

மேலாளர் கோபப்படவில்லை. சாலையைப் பார்த்தபடியே மெல்லச் சிரித்தார். "அம்மிணி மனசொடிஞ்சு போயிருக்காங்க. விடுங்க. நாளைக்குச் செரியாப் போயிரும்."

சோதனையாளர் திரும்பாமலே கேட்டார்: "பொட்டிய செட் பண்ணது நீங்கதானக்கா? நான்தான் பக்கத்துல நின்னு பாத்துக்கினு இருந்தேனே. சார் அங்க வரவே இல்லியே."

"நான்தான் பண்ணேன். ஆனா இவரு சொல்லித்தான்..."

"சரிக்கா, வுடுக்கா."

நிஜமாகவே அதட்டல் இல்லாமல்தான் சொன்னார். அதற்கு மேல் என்ன சொல்வது? ரைட்-பேக், ரைட்-த்ரூ என்று பாடம் எடுப்பதா? எடுத்தேன், அதையும் எடுத்தேன். வாகோலி தாண்டும் வரை எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க், எழுதுவது, இறங்குவது என்று பின்சீட்டிலிருந்து விளக்கிக்கொண்டே இருந்தேன். என் காதுக்கே, மாட்டிக்கொண்டவள் சமாளிக்கிறாள் என்றுதான் கேட்டது. முன்சீட்டில் இருவரும், நோயாளியின் பிதற்றலுக்குப் பொறுமை காட்டுவதுபோல அமைதியாக இருந்தார்கள். அந்த மேலாளரை நான் அன்றைக்கு வெறுத்த மாதிரி வாழ்க்கையில் யாரையும் வெறுத்ததில்லை. அந்த வெறுப்பு இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

கராடியில் நான் இறங்க வேண்டிய இடம் வந்தது. என் பை டிக்கியில் இருந்தது. நான் எடுக்கப் போவதற்குள் சோதனையாளரே இறங்கி வந்து எடுத்துக் கையில் கொடுத்தார். முகம் வீங்கியிருந்தது. சாலைப் பக்கம் பார்த்து அழுதுகொண்டே வந்திருக்கிறார், எங்களுக்குத் தெரியாமல். பிறகு ஓட்டுநர் பக்கத்து ஜன்னலுக்குப் போனார், குனிந்தார். எனக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்திருக்கலாம், ஆனால் கேட்டது.

"சார், இவங்கள வேலைய வுட்டு எடுத்துடாதீங்க சார். தெரியாம பண்ணிட்டாங்க. பொம்பளப் புள்ள, அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்து கஷ்டப்படுது. என் வேலை போனது போவட்டும், இவங்களதும் போவ வேணாம் சார்."

மேலாளர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். அலுவலகத்தில் நாற்காலி முதுகில் கை வைத்துக்கொண்டு பார்ப்பாரே, அதே பார்வை.

"உங்களுக்காகங்க. நீங்க சொன்னதுக்காகவே வெச்சுக்கறனுங்க" என்றார். பிறகு என்னிடம், "அம்மிணி, அவருக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லுங்க. இந்தக் காலத்துல எவனுங்க இப்படிச் சொல்லுவான்?"

அவர் என்னைப் பார்த்து, சொல்ல வேண்டாம் என்பதுபோல அவசரமாகத் தலையை ஆட்டினார். வெட்கப்பட்டார். என்னை மன்னித்துவிட்ட நிம்மதி அந்த முகத்தில் இருந்தது. அன்று முழுவதிலும் அவருக்குக் கிடைத்த நல்லது அது ஒன்றுதான். அதையும் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

"தேங்க்ஸ் தம்பி" என்றேன்.